பறித்தவர் காத்த ஏடுகள்

பழைய நூல் ஒன்றைக் கையில் எடுக்கும் வரலாற்று மாணவர், அதனை எழுதியவர் யார் என்றே முதலில் வினவுகிறார். இத்தனை காலம் அதனைக் காத்து வைத்திருந்தவர் யார், எந்த நோக்கத்தோடு காத்தார் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஏடுகளை அன்போடு காத்தவரும் உண்டு. ஐயத்தோடு காத்தவரும் உண்டு. நம் நாட்டு விடுதலைப் போராட்ட வரலாற்றைப் பொறுத்தவரை, இரண்டாம் வகையினர் காத்துவைத்த ஏடுகள் சிறு தொகையன்று. எழுதியவரையும் வைத்திருந்தவரையும் தண்டிப்பதற்காகத் திரட்டப்பட்ட அவை, இன்று அவர்களுக்காகவே பேசும் சான்றுகளாகிவிட்டன. அவற்றை நாம் எவ்வாறு அணுக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எல்லைப்புறக் கடற்கரை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம் வருகிறது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், ஆங்கிலேயர் காலத்தில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இங்கேதான் முடிவுறுகிறது. கால்வாயை அடுத்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளங்கள். சற்று வடக்கே, கடப்பாக்கத்தின் அருகில், ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகள் கடலை நோக்கி நிற்கின்றன. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அக்கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1760இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர்.

ஆக, இக்கரை இரு ஐரோப்பிய அரசுகளின் எல்லைப்புறமாக நெடுங்காலம் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி. அதனைச் சூழ்ந்து எங்கும் ஆங்கிலக் கொடி. தீர்வை செலுத்தாத சரக்கு எல்லை கடந்துவிடாதபடி சுங்கக் காவல் இருந்தது. அளத்து உப்புக்கும் அரசின் முத்திரையும் காவலும் உண்டு. 1908ஆம் ஆண்டுக்குப் பின்னர் இக்காவலுக்கு உட்பட்ட சரக்குகளுள் ஒன்று புதிதாகச் சேர்ந்தது. அது அச்சிட்ட காகிதம்.

இவ்வூர்ப் பக்கம் என் தாய்வழிச் சொந்தங்கள் வாழ்ந்தனர். எங்கள் நன்னி சொல்லக் கேட்ட செய்தி ஒன்று சிறுவயது முதல் என் நெஞ்சில் தங்கியிருக்கிறது. கிலாபத் இயக்கக் காலத்தில் அவர்களுடைய தந்தையார் துண்டுப் பிரசுரங்கள் சிலவற்றையும், அரபுத்தமிழில் தாமே படியெடுத்த சொற்பொழிவுக் குறிப்புகளையும் ஓர் ஓலைப்பெட்டியில் வைத்திருந்தாராம். சோதனைக்குப் போலீசார் வருவதாக ஒருநாள் ஊரில் பேச்சு அடிபட்டது. ஆண்கள் வெளியே சென்றிருந்த அந்தப் பொழுதில், வீட்டிலிருந்த பெண்கள் பெட்டியோடு அத்தனையையும் அடுப்பில் இட்டுவிட்டனர். அன்றும் சரி, அதற்குப் பின்னரும் சரி, எந்தப் போலீசாரும் அவ்வீட்டுக்கு வரவில்லை.

வந்திருந்தால் அந்தப் பிரசுரங்கள் ஒருவேளை பிழைத்திருக்கும் என்பது, நான் ஆவணக் காப்பகங்களுக்குச் செல்லத் தொடங்கிய பின்னரே எனக்குப் புலப்பட்டது.

திரட்டும் பொறி

ஆங்கில அரசு இந்திய மொழி ஏடுகளைக் கண்காணிக்கத் தொடங்கியது 1908இல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஒவ்வொரு மாகாணத்திலும் அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் அமர்த்தப்பட்டு, உள்நாட்டு மொழிப் பத்திரிகைகளில் வந்தவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி மேலதிகாரிகளுக்கு அனுப்பி வந்தனர். இரகசியமாகக் கருதப்பட்ட அவ்வறிக்கைகளில் தமிழ், தெலுங்கு, உருது ஏடுகள் பலவற்றின் குரல் கேட்கிறது. மூல இதழ்கள் அழிந்துபோன பின்னரும், அவற்றில் இன்ன நாளில் இன்ன செய்தி வந்தது என்று அறிவதற்குச் சில வேளைகளில் அந்த ஆங்கிலச் சுருக்கம் ஒன்றே எஞ்சியிருக்கிறது.

சுதேசி இயக்கம் வலுத்தபோது இக்கண்காணிப்பும் கடுமையாயிற்று. சென்னையில் 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார ஏட்டின் மீது 1908இல் இராஜத்துவேஷ வழக்குத் தொடரப்பட்டது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் சிறை சென்றார். உண்மையில் ஏட்டை நடத்திவந்த சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரிக்குப் புகலிடம் தேடிச் சென்றார். அவ்வாண்டு அக்டோபர் முதல் 'இந்தியா' பிரெஞ்சு மண்ணிலிருந்து வெளிவந்தது. ஏடு அச்சாகும் இடம் ஆங்கிலேயரின் கைக்கு எட்டவில்லை. ஆயினும் அதனைப் படிப்போர் அவர்களுடைய ஆட்சிக்குள்ளேயே இருந்தனர். எனவே அஞ்சலில் வரும் படிகள் வழியிலேயே தடுக்கப்பட்டன. 1910 பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டம், அச்சகத்தாரிடம் ஜாமீன் தொகை கோரவும் அதனைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு வழி வகுத்தது. 1910 மார்ச்சு மாதத்தோடு 'இந்தியா' நின்றது.

1911 ஜூன் 17ஆம் நாள், திருநெல்வேலி ஜில்லா கலெக்டர் ஆஷ், மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையை அடுத்து ஊர் ஊராகச் சோதனைகள் நடந்தன. வீடுகளில் அகப்பட்ட காகிதம் ஒவ்வொன்றும் சான்றாயிற்று. ஆரியருக்கு அறிவுரை கூறுவதாக அமைந்த பிரசுரம் ஒன்றும், அபிநவ பாரத சமாஜத்தில் சேருவதற்கான உறுதிமொழி ஒன்றும் அவ்வாறு கைப்பற்றப்பட்டவை. பறங்கியரை அழிக்கும் அச்சகம் என்று பொருள்படும் ஒரு புனைபெயரையே அவை அச்சகப் பெயராகத் தாங்கியிருந்தன. சதி வழக்கில் 14 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 9 பேர் தண்டனை பெற்றனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுச் சிறை. பாரதியாரின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்களும் அரசின் பறிமுதல் ஆணைக்கு உள்ளாயின. ஒன்று தம் இளமை வாழ்வைப் பாடிய கவிதை. மற்றொன்று சாதிக் கொடுமையைக் கடிந்துரைத்த கதை. இவை எவ்வாறு அரசைக் கவிழ்க்கும் என்று இன்று படிப்பவர் வியப்படையலாம். தேடுகிறவன் எதைத் தேடுகிறானோ அதையே காண்கிறான் என்பதற்கு இதுவே சான்று.

கிணற்றில் கிடந்த ஜாடி

தேடியது கிடைக்காதபோது என்ன நிகழும்? இதற்கும் புதுச்சேரி வரலாறே விடை தருகிறது. 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயரின் ஒற்றர்கள் அவர்களுடைய வீதிகளில் நிலையாகத் தங்கினர். 1912இல் ஒருநாள், ஐயர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும்போது மூடிய ஜாடி ஒன்று அகப்பட்டது. உள்ளே புரட்சிப் பிரசுரங்களும் காளியின் படமும் இருந்தன. அவ்வீட்டார் எவரும் அதனை வைத்தவர் அல்லர். ஒற்றர்களின் ஏவலால் போடப்பட்டது அது என்பது தெளிவாகவே, நண்பர்கள் கலந்து பேசி, தாமே முந்திச் சென்று பிரெஞ்சு அதிகாரிகளிடம் செய்தியைத் தெரிவித்தனர். பின்னர் ஒருவர் அவர்கள் மீது முறையீடு செய்ய, பிரெஞ்சு விசாரணை நீதிபதி வீடுகளைச் சோதனையிட வந்தார். சதிக்கான தடயம் ஏதும் கிடைக்கவில்லை. அரவிந்தர் வீட்டில் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்ட அவர், மதிப்போடு திரும்பிச் சென்றார்.

இந்நிகழ்ச்சியில் நமக்கு ஒரு பெரும் பாடம் உள்ளது. ஜாடி கண்டறியப்படாமல், நீதிபதி வரும் நாள்வரை கிணற்றிலேயே கிடந்திருந்தால், அப்பிரசுரங்கள் ஐயரின் வீட்டில் கைப்பற்றப்பட்டவை என்று ஒரு கோப்பில் ஏறியிருக்கும். நூறாண்டுகளுக்குப் பின் அக்கோப்பைத் திறக்கும் ஆய்வாளர் அதனை ஐயமின்றி மேற்கோள் காட்டியிருப்பார். அரசாவணம் என்னும் முத்திரை இருப்பதாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

ஹதீஸ் கலை கற்றுத்தரும் நெறி

மத்ரஸாவில் ஓதிய நமக்கு இது புதிய செய்தி அன்று. ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரித்த பின்னரே ஏற்க வேண்டும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. அதே அத்தியாயம், பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர் என்றும் தடுக்கிறது. ஒற்றறிதலைக் குறிக்கும் தஜஸ்ஸுஸ் என்னும் சொல் அவ்விடத்தில் அமைந்த வினையிலிருந்தே பிறந்தது. இவ்விரண்டு கட்டளைகளும் ஒரே அத்தியாயத்தில், சில வசனங்களின் இடைவெளியில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. துருவித் தேடுபவன் கொண்டுவரும் செய்தியே பெரிதும் விசாரணைக்கு உரியது.

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அறிஞர் அறிந்ததே. கலீபா ஓர் இரவு ஒருவர் வீட்டுச் சுவரேறி உள்ளே சென்று, அவர் தவறிழைப்பதைக் கண்டு கடிந்தார். அம்மனிதரோ, தாம் செய்தது ஒரு தவறு என்றும், துருவிப் பார்த்தது, வாயில் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது எனக் கலீபா செய்தவை மூன்று என்றும் எடுத்துரைத்தார். கலீபா அதனை ஏற்று அவரை விட்டுச் சென்றார் என்று அறிவிக்கப்படுகிறது. ஆட்சியாளர் ஆயினும் சான்றைத் திரட்டும் வழி நேரியதாக இருக்க வேண்டும் என்னும் கருத்து நம் மரபில் இத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஹதீஸ் கலை வல்லார் ஒரு செய்தியை இரண்டு கூறாகப் பிரித்து ஆய்ந்தனர். ஒன்று ஸனத் என்னும் அறிவிப்பாளர் தொடர். மற்றொன்று மத்ன் என்னும் செய்தியின் பொருள். அறிவிப்பாளர் பெயரே தெரியாவிடின் அவரை மஜ்ஹூல் என்று கூறி, அச்செய்தியைப் பலவீனமானதாக ஒதுக்கினர். ஒற்றரின் பெயரை மறைத்து எழுதுவதே புலனாய்வுத் துறையின் வழக்கம். ஆகவே நம் அளவுகோலின்படி அவ்வறிக்கைகளில் பல, அறிவிப்பாளர் அறியப்படாத செய்திகளே. அவர் கூலி பெற்றவரா, பகை கொண்டவரா, தாம் கேட்ட மொழியை உண்மையில் அறிந்தவரா என்று வினவாமல் அவர் கூற்றை வரலாறாக ஏற்பது, நம் முன்னோர் வகுத்த ஜர்ஹு, தஃதீல் என்னும் ஆய்வு நெறிக்கு முரணானது.

பட்டுத் துணியில் எழுதிய மடல்கள்

முஸ்லிம்களின் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இத்தகைய சான்றுத் திரட்டுக்குப் பெரும் எடுத்துக்காட்டு, பட்டு மடல் இயக்கம் என்று வழங்கும் நிகழ்ச்சி. முதல் உலகப் போரில் துருக்கி நுழையும் முன்பே, கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்த 'ஜஹானே இஸ்லாம்' ஏட்டின் இறக்குமதியை 1914 ஆகஸ்டில் கடல் சுங்கச் சட்டத்தின் கீழ் அரசு தடை செய்திருந்தது. உப்புக்கும் துணிக்கும் உரிய சட்டம் கருத்துக்கும் பொருந்தியது. 1916இல், காபூலில் தங்கியிருந்த மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி (ரஹ்) அவர்களும் அவர்தம் தோழரும், ஹிஜாஸில் இருந்த தம் ஆசான் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்களுக்கு மஞ்சள் பட்டுத் துணியில் மடல்கள் எழுதினர். அவை ஒருவரின் மேலங்கிக்குள் தைக்கப்பட்டு எல்லை கடந்தன. ஆனால் கொண்டுவந்தவரிடமிருந்து முல்தான் பகுதிப் பிரமுகர் ஒருவர் கைக்கு மாறி, அவர் வழியாக ஆங்கில அதிகாரியிடம் சேர்ந்தன.

அம்மடல்கள் மொழிபெயர்க்கப்பட்டன, அவற்றில் கண்ட பெயர்களுக்கெல்லாம் குறிப்புகள் எழுதப்பட்டன, உலமாக்கள், வணிகர், மாணவர் எனப் பலருடைய பிறப்பும் கல்வியும் பயணமும் தொகுக்கப்பட்டன. 1916 டிசம்பரில் ஷைகுல் ஹிந்த் ஹிஜாஸில் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு மால்டா தீவுக்கு அனுப்பப்பட்டார். மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) உள்ளிட்ட தோழர்களும் உடனிருந்தனர். அவர்களுள் ஹகீம் நுஸ்ரத் ஹுஸைன் அத்தீவிலேயே உயிர் நீத்தார். மற்றவர்கள் 1920இல்தான் தாயகம் திரும்பினர்.

இயக்கத்தினர் தங்களுக்குள் எழுதியவை பெரும்பாலும் எஞ்சவில்லை. கைக்குக் கிடைத்ததும் கிழித்தெறிவது இரகசிய இயக்கத்தாரின் இயல்பு. புலனாய்வுத் துறை தொகுத்த கோப்புகள் மட்டும் இலண்டன் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பத்திரமாய்க் கிடந்தன. உலமா வரலாற்றாசிரியரான மௌலானா சையித் முஹம்மத் மியான் (ரஹ்) அவற்றின் படிகளைப் பெற்று, 'தஹ்ரீக்கே ஷைகுல் ஹிந்த்' என்னும் உருது நூலை ஆக்கினார்; அது 1975இல் வெளிவந்தது. பகைவரின் சாட்சியத்தைக் கொண்டே தம் ஆசான்களின் தியாகத்தை அவர் நிலைநாட்டினார். 2013 ஜனவரியில் இந்திய அரசு அவ்வியக்கத்துக்கு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. ஓர் அரசு குற்றமெனத் திரட்டியதை, அதே நாட்டின் மற்றோர் அரசு பெருமையெனப் போற்றியது.

ஆயினும் இங்கும் எச்சரிக்கை வேண்டும். மடல்களில், இறைப்படை என்னும் பெயரால் ஓர் அமைப்பும், பலருக்கு அதில் தரப்பட்ட பதவிகளும் பட்டியலாக இருந்தன. ஒருவர் பெயர் பட்டியலில் இருப்பதாலேயே அவர் அதற்கு இசைந்தார் என்று பொருளாகாது. குற்றஞ்சாட்ட விரும்பிய அதிகாரியும் அப்பட்டியலை அப்படியே நம்பினார். பெருமை பேச விரும்பும் நாமும் அப்படியே நம்பினால், இருவரும் ஒரே பிழையைத் தான் செய்கிறோம்.

பெயரிடும் அதிகாரம்

திரட்டுபவர் ஏட்டை எடுத்துச் செல்வதோடு நில்லாமல், அதற்கு ஒரு பெயரையும் சூட்டிச் செல்கிறார். 1920இல் ஜம்இய்யத்துல் உலமா சார்பில் வந்த ஒன்றுபட்ட பத்வா, ஒத்துழையாமையை மார்க்கக் கண்ணோட்டத்தில் வலியுறுத்தியது. 1921இல் அது பறிமுதலாயிற்று. எழுதியவர்களுக்கு அது வினாவுக்கு அளித்த மார்க்க விடை. அரசுக்கோ படையினரைக் கலைக்கும் பிரசாரம். அவ்வாண்டே கராச்சியில் நடந்த வழக்கில் மௌலானா முஹம்மத் அலி, மௌலானா ஷவ்கத் அலி, மௌலானா மதனீ முதலியோர் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். இன்று அதே பத்வா அரசியல் வரலாற்று மாணவருக்கு ஒரு சான்று. பிக்ஹு மாணவருக்கு ஒரு பாடம். ஏடு ஒன்றுதான்; அலமாரியின் பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது.

இவ்வாறு திரட்டியவற்றைத் தொகுத்துச் சட்டமாக்கும் வேலையை 1918இல் ரௌலட் குழு செய்தது. ஆங்கில நீதிபதி ரௌலட் தலைமையில் அமைந்த அக்குழுவில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியாரும் உறுப்பினர். வங்கம், பஞ்சாப், சென்னை ஆகிய மாகாணச் செய்திகளோடு, முஸ்லிம்களின் போக்கைப் பற்றியும் அவ்வறிக்கை தனியே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. பட்டு மடல்கள் அதில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. வழக்குமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்படாத புலனாய்வுச் செய்திகள் பல, அவ்வறிக்கையில் முடிந்த முடிபுகளாக இடம்பெற்றன. அதன் விளைவே 1919ஆம் ஆண்டு ரௌலட் சட்டம். அறிக்கை வெளிவந்த அதே 1918இன் நவம்பரில், பத்தாண்டு அஞ்ஞாதவாசம் முடித்துப் புதுச்சேரி எல்லை தாண்டிய பாரதியார் கைதாகி, கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் இருந்தார் என்பதும் நம் தென்னார்க்காட்டு நினைவுகளுள் ஒன்று.

அவர் மறைந்த பின்னரும் அவர் ஏடுகளைக் காவல் விடவில்லை. 1928இல் பர்மா அரசு அவருடைய பாடல் நூலைத் தடை செய்ய, அதனைத் தொடர்ந்து சென்னை அரசும் படிகளைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி முதலியோர் கடுமையாக வாதிட்டனர். ஒரு நூலை மேடையில் வைத்துப் படித்து, அது என்ன சொல்கிறது என்று நாடறியப் பேசுவதே தடைக்குத் தக்க மறுமொழி என்பதை அன்று அவர்கள் காட்டினர்.

எங்கே இருக்கின்றன, எவ்வாறு படிப்பது?

தடை செய்யப்பட்ட நூல்களின் படிகள் முற்றும் அழிக்கப்படவில்லை. வழக்குக்காகச் சில, மேலதிகாரிகளின் பார்வைக்காகச் சில, இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் இந்தியா ஆபீஸுக்கும் சில என அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றின் அட்டவணை 1985இல் நூலாகவே வெளிவந்தது. தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இத்தகைய தொகுப்பு உண்டு. சென்னை அரசாணைகளும் பத்திரிகை அறிக்கைகளும் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் இளைஞர்கள் ஆய்வுப் பட்டத்துக்குப் பொருள் தேடும்போது இக்கருவூலங்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே செல்வோர் மூன்று வினாக்களை மறவாது கொண்டுசெல்லட்டும். முதலாவது, இவ்வேடு எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது? இது ஸனத். இரண்டாவது, மூலமொழியில் அது என்ன சொல்கிறது? இது மத்ன், சுருக்கமும் மொழிபெயர்ப்பும் மத்ன் ஆகா. மூன்றாவது, எழுதியவர் தமக்கு எதிராகத் தாமே எதையேனும் ஒப்புக்கொள்கிறாரா? தன் மீதே ஒருவன் சொல்லும் சாட்சியம் வலிமை மிக்கது என்பது பிக்ஹு அறிந்த உண்மை. சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று புலனாய்வு அதிகாரியே எழுதும்போது, அதனை நாம் பெரிதும் நம்பலாம்.

இன்றும் வேண்டப்படும் நெறி

இது பழங்கதை என்று எவரும் கருதிவிட வேண்டாம். இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த கொடிய குண்டுவெடிப்புகளுக்குப் பின், அரபு எழுத்துள்ள நூல்களை வீட்டில் வைத்திருக்கவே பலர் அஞ்சினர். மறு ஆண்டு மே மாதம், அஹ்னாப் ஜஸீம் என்னும் இளம் ஆசிரியர், 'நவரசம்' என்ற தம் தமிழ்க் கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். அக்கவிதைகள் தீவிரவாதத்தையும் போரையும் கண்டிப்பவை என்று அவற்றைத் தமிழில் படித்தோர் எடுத்துரைத்தும், 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மத்னைப் படியாமல் தீர்ப்புச் செய்வதன் விலை ஓர் இளைஞரின் மூன்றரை ஆண்டு வாழ்வு.

நம் நாட்டில் 2023 ஜூலை 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், பீமா கோரேகான் வழக்கில் இருவருக்குப் பிணை அளித்தபோது, வன்முறையைத் தூண்டும் நூலேயாயினும் அதனை வைத்திருந்தது ஒன்றே பயங்கரவாதச் செயல் ஆகிவிடாது என்று தெளிவுபடுத்தியது. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் நிருவாகம் 25 நூல்களைப் பறிமுதலுக்குரியவை என அறிவித்தது. அப்பாவிகளின் உயிர் பறிக்கத் தூண்டும் எழுத்தை எந்த முஸ்லிமும் ஏற்கமாட்டார். அத்தகைய செயலைத் தடுப்பது அரசின் கடமையே. ஆனால் செயலுக்கும் நூலுக்கும், நூலுக்கும் அதனை அலமாரியில் வைத்திருப்பவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்கும் பொறுமை வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்களிடம் ஓதிப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் தம் கிதாபுகளையும் பாடக் குறிப்புகளையும் என்ன செய்வதென்று என்னிடம் கேட்டார். திருமணமாகிப் புதிய ஊரில் வாடகை வீட்டுக்குச் செல்கிறார். அரபு எழுத்தைக் கண்டு அண்டை வீட்டார் ஏதேனும் நினைப்பார்களோ என்று அவருடைய பெற்றோர் அஞ்சினர். கடலில் போட்டுவிடலாமா என்றுகூட அவ்வீட்டில் பேச்சு எழுந்ததாம். நான் அவருக்கு எங்கள் நன்னியின் அடுப்பைப் பற்றிச் சொன்னேன்.

அச்சத்தால் நாம் அழிக்கும்போது, நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவை மட்டுமே எஞ்சுகின்றன. மரக்காணத்து அளத்தில் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் விட்டால், நீர் போய் உப்பு மட்டும் நிற்கும். உப்பு மெய்தான், ஆனால் அது கடல் ஆகாது. பறித்தவர் காத்த ஏடுகளும் அத்தகையவை. அவற்றைப் பயன்கொள்வோம், அவற்றையே முழு வரலாறு என்று மயங்காதிருப்போம்.

அந்த இளைஞரின் குறிப்பேடுகள் இப்போது எங்கள் நூலகத்தில் ஓர் அலமாரியில் இருக்கின்றன. அவற்றோடு பழைய மீலாது விழா அழைப்பிதழ்கள், மத்ரஸா ஆண்டறிக்கைகள், நிக்காஹ் மடல்கள், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் எனப் பலரும் தந்தவை சேர்ந்துவருகின்றன. ஒவ்வொன்றின் மீதும் கொடுத்தவர் பெயரும், அவருக்கு அது கிடைத்த வழியும், நாளும் எழுதி வைக்கிறோம். ஸனத் இல்லாமல் எந்த ஏட்டையும் நாங்கள் ஏற்பதில்லை.